நோய்ப்பெயரும் உறுப்பும்: நெய்வேலி நகரியத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

நோய் என்னும் சொல் 'நோ' என்னும் வினையடியாகப் பிறந்தது. நோதல் என்பது வருந்துதல். பிணி என்னும் சொல்லோ பிணித்தல், அஃதாவது கட்டுதல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. முன்னது உற்றவனின் உணர்வைச் சுட்டும். பின்னது அவன் கட்டுண்டு கிடக்கும் நிலையைச் சுட்டும். இவ்விரண்டனுள் எதுவும் நோய் உடம்பின் எவ்வுறுப்பில் தோன்றியது என்பதைக் கூறுவதில்லை. நம் மக்கள் வழங்கும் நோய்ப்பெயர்களுள் பலவும் இத்தகையனவே. இளைப்பு, கடுப்பு, எரிச்சல், அடைப்பு, கொதிப்பு என வருவன எல்லாம் நோயாளி உணர்ந்ததையோ, பிறர் கண்டதையோ பெயராக்கியவை.

இக்கால மருத்துவம் வேறு வழியிற் பெயரிடுகிறது. உடம்பை மூச்சு மண்டலம், குருதியோட்ட மண்டலம், செரிமான மண்டலம், நரம்பு மண்டலம், கழிவுநீர் மண்டலம் எனப் பிரித்து, எந்த உறுப்பில் என்ன காரணத்தால் என்ன மாறுதல் நேர்ந்தது என்று வினவி, அவ்விடையையே நோயின் பெயராகக் கொள்கிறது. நோயாளியின் வாயிற் பிறக்கும் சொல் ஒரு முறையைச் சார்ந்தது. மருத்துவரின் ஏட்டில் ஏறும் சொல் மற்றொரு முறையைச் சார்ந்தது. இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி உளது. அவ்விடைவெளியிற் காலம் கழிகிறது. சில நோய்களிற் காலம் கழிவதே உறுப்பு அழிவதாக முடிகிறது. ஆதலின் இச்சொற்களின் பொருளெல்லையை வரையறுத்துக் காண்பது வெறும் அகராதிப் பணி அன்று.

இஃது மருத்துவர் பணியன்றோ, தமிழ் கற்பிப்பார்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடமை. நோயைக் கூறும் சொல் எப்பொருளை உணர்த்துகிறது, எதனை மறைக்கிறது என ஆராய்வது நம் கடமை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோய் இன்னதென்று நாடுவதையே முதற்படியாக வைத்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அதன்பின் வைக்கிறது. நாடும் முதற்படியில் மருத்துவருக்குக் கிடைக்கும் கருவி நோயாளியின் சொல்லேயாகும்.

ஆய்வுக்களம்

இவ்வாராய்ச்சிக்கு நெய்வேலி நகரியத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அது பல வட்டார வழக்குகள் ஒன்றுகூடிய ஊர். நெய்வேலி நிலக்கரிக் கழகம் 1956இல் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னாக்கத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்றது. இவ்வளர்ச்சியினூடே, நிலம் கொடுத்த சுற்றூர் மக்களும் தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும் ஆந்திரம் கேரளம் முதலிய நாட்டினரும் ஒரே தெருவிற் குடியிருக்கலாயினர்.

இரண்டாவது, அங்குள்ள தொழிலின் இயல்பு. பழுப்பு நிலக்கரி ஏறத்தாழப் பாதியளவு நீரை உடையது. அதன்மேல் கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான அடுக்குப் பலபத்து மீட்டர் கனத்திற் கிடக்கிறது. அதனை வெடித்துத் தளர்த்தி, மாபெரும் சக்கர எந்திரங்களால் அகழ்ந்து, கன்வேயர் பட்டைகளில் ஏற்றிச் செல்லவேண்டும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு கிடக்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எனவே தூசி, இரைச்சல், வெப்பம், இரவுப் பணி ஆகிய நான்கும் ஓரிடத்தில் ஒருங்கு நிற்கின்றன.

மூன்றாவது, சட்டத்தின் தொடர்பு. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சில தொழில்நோய்களை அறிவிக்கப்படவேண்டிய நோய்கள் எனத் தனியே பிரித்தது. நுரையீரலிற் தூசி படிவதால் வரும் நோய் அவற்றுள் ஒன்று. அறிவிக்கப்பட்ட நோய் என்றால் அது தொழிலால் வந்தது; இழப்பீட்டிற்கும் உரியது. வெறும் 'இளைப்பு' என்றால் அஃது எவர்க்கும் வரக்கூடியது. ஒரு சொல் மாற்றத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருத்தல் காண்க.

கீழே எடுத்தாளும் வழக்குச் சொற்கள் நெய்வேலிக்கே உரியன அல்ல. தமிழகம் முழுவதும் கேட்கப்படுவனவே. ஆயினும் அவற்றின் பொருள் மயக்கம் பெருந்தீங்கு விளைக்கத்தக்க இடம் இத்தகைய தொழில் நகரமாகும்.

1. மூச்சு மண்டலம்: இளைப்பும் இரைப்பும்

இளைப்பு, இரைப்பு என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றற்கொன்று மாறி வழங்குகின்றன. சொல்லின் அடியை நோக்கின் இவை வேறு வேறாம். இளைத்தல் என்பது சோர்தல், மெலிதல். இரைத்தல் என்பது ஒலித்தல். இரைச்சல் என்னும் சொல்லும் இவ்வடியினதே. ஆகவே இளைப்பு மூச்சின் சோர்வையும், இரைப்பு மூச்சின் ஒலியையும் குறிப்பன.

இவ்வேறுபாடு மருத்துவத்திற்கு மிக இன்றியமையாதது. ஆஸ்துமாவில் மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன. குறுகிய வழியிற் காற்றுச் செல்லுங்கால் சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. இதுவே இரைப்பு. அது வந்து வந்து போகும். குழலை விரிக்கும் மருந்தாற் பெரும்பாலும் தணியும். தூசி நுரையீரல் நோயிலோ குழல் சுருங்குவதினும் நுரையீரலின் தசையே தடிப்பேறிக் கெட்டியாவது முதன்மையானது. ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கிற்கும் குறைந்த நுண்துகள்களே காற்று நுண்ணறை வரை செல்ல வல்லவை. கண்ணுக்குத் தெரியும் புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாததே தீங்கு செய்யும். மணற்கல்லில் உள்ள சிலிக்கா அவ்வாறு உட்சென்றால், அதனை விழுங்க வரும் காவலணுக்கள் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் வடு உண்டாகிறது. இந்நோயில் ஒலி எழாமலே இருக்கலாம். முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும் 'மூச்சு வாங்கும்'. பல ஆண்டு கழித்துச் சமநிலத்தில் நடக்கும்போதும் வாங்கும். வடுவை மீட்கும் மருந்து இல்லை. தூசியினின்று விலகுவதே மேலும் கெடாது காக்கும் வழி.

எனவே 'இளைக்கிறது' என்று வருவோனிடம் 'ஒலியோடா, ஒலியின்றியா? வந்து போகிறதா, நாளுக்கு நாள் மிகுகிறதா?' என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவை இளைப்பு, இரைப்பு என்னும் இரு சொற்களின் வேறுபாடே நமக்குக் கற்றுத் தருகிறது. இன்று 'வீசிங்' என்னும் கடன்சொல் இரைப்பின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றிவிட்டது. இஃது இருவகை மூச்சு வருத்தங்களையும் மீண்டும் ஒன்றாக்குகிறது. யாழ்ப்பாணத்தார் ஆஸ்துமாவைத் தொய்வு என்பர். அதுவும் இளைப்பைப் போன்றே சோர்வை அடியாகக் கொண்ட சொல்.

இனி, ஈளை, சயம், என்புருக்கி என்பன காசநோயைச் சுட்ட வழங்கியவை. என்பையும் உருக்குவது என்னும் பெயர் நோயின் இறுதி நிலையைக் காட்டுகிறது. இராபர்ட் கோக்கு 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுரைத்த பின்னர், மெலிவு தோன்றுமுன்பே சளியைச் சோதித்து நோயறிதல் இயல்வதாயிற்று. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாற் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது இன்றைய நெறி. சிலிக்கா படிந்த நுரையீரலிற் காவலணுக்கள் தளர்ந்திருத்தலின் காசநோய் எளிதிற் பற்றும். சுரங்கத் தொழிலாளி 'என்பு உருகட்டும்' என்று காத்திருத்தல் கூடாது.

2. குருதியோட்ட மண்டலம்: வாய்வும் கொதிப்பும்

நெஞ்சுப் பகுதியில் தோன்றும் வருத்தத்திற்கு நம் மக்கள் வழங்கும் பெயர்களுள் முதன்மையானது 'வாய்வு'. வாய்வுப் பிடிப்பு, வாய்வுக் குத்து என்பன எங்கும் கேட்கப்படுவன. வளியை முதலாக வைத்து மூன்றனை எண்ணும் மரபு குறளிலேயே காணப்படுவது. உரையாளர் அவற்றை வாதம், பித்தம், ஐயம் எனக் கொள்வர். சித்த மருத்துவத்தில் வளி என்பது உடல் இயக்கத்தை நடத்தும் ஆற்றல். பேச்சு வழக்கில் அப்பொருள் தேய்ந்து, வாய்வு என்பது வயிற்றிற் சேரும் காற்று என்ற அளவில் நின்றுவிட்டது. இப்பொருட் சுருக்கமே தீங்கிற்கு வித்து.

இதயத்தினின்றும் இரைப்பையினின்றும் உணர்வைக் கொண்டு செல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் அண்மையான இடங்களைச் சென்றடைகின்றன. ஆதலின் இதயத்தின் வலியை மூளை மேல்வயிற்று வலியாக உணர்தல் உண்டு. இதயத்தின் கீழ்ச்சுவர் தாக்குண்டால் குமட்டலும் மேல்வயிற்றுக் கனமும் தோன்றும். அதற்கு 'வாய்வு' எனப் பெயரிட்டுவிட்டால், இஞ்சிச் சாறும் சோடாவும் மருந்தாகிவிடுகின்றன. பெயர் செரிமான மண்டலத்தைச் சுட்ட, அழிவு குருதியோட்ட மண்டலத்தில் நடக்கிறது. அடைபட்ட நாளத்தைத் திறக்கும் மருத்துவம் முதற்சில மணி நேரத்திற் பெரும்பயன் தருவது. ஒவ்வொரு மணியும் கழியக் கழிய இதயத் தசை மடிந்துகொண்டே போகிறது. இரவு ஷிப்டில் வியர்வையோடு தோன்றி, இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் 'வாய்வு' வாய்வன்று எனத் தெளிதல் வேண்டும்.

மாரடைப்பு என்னும் சொல் இதற்கு மாறாக நற்சொல்லாக அமைந்துளது. மாரில் அடைத்தது போன்ற உணர்வைக் குறிக்கும் இச்சொல், இதய நாளத்தில் உறைகட்டி அடைத்தலே காரணம் என்னும் இன்றைய அறிவோடும் பொருந்தி நிற்கிறது. உணர்வைச் சுட்டிய பெயர் காரணத்தையும் சுட்டுமாறு அமைவது அரிது.

'இரத்தக் கொதிப்பு' என்பதோ பெரிதும் மயக்கம் தருவது. கொதிப்பு என்றதும் வெப்பமும் சினமும் நினைவிற்கு வருகின்றன. அமைதியான இயல்புடையோர் 'எனக்குக் கொதிப்பு வராது' என எண்ணுவதும், உடல் குளிர்ந்திருத்தலின் மருந்தை நிறுத்திவிடுவதும் இப்பெயரின் விளைவு. உண்மையில் இந்நோய் பெரும்பாலும் எவ்வித உணர்வையும் தாராது. 140க்கு 90 என்னும் அளவினை எட்டியும் மீறியும் பல ஆண்டு உணர்வின்றி நின்று, சிறுநீரகத்தையும் மூளையின் நாளங்களையும் கெடுக்கும். 'மிகை இரத்த அழுத்தம்' என்பது ஏட்டு வழக்காயினும், அளந்தாலன்றி அறியலாகாது என்ற உண்மையை உணர்த்துதலின் அதுவே மேலானது.

3. நரம்பு மண்டலம்: வாதம் என்னும் பொதுப்பெயர்

பக்கவாதம், முகவாதம், முடக்குவாதம், கீல்வாதம் என்னும் நான்கிலும் வாதம் பொதுச்சொல். முக்குற்றக் கொள்கையின்படி இவற்றை ஓரினமாக வகுத்தது தன்னளவில் முறையானதே; இயக்கம் கெடுதல் நான்கிற்கும் பொது. உறுப்பு நோக்கில் இவை முற்றும் வேறானவை. கீல்வாதமும் முடக்குவாதமும் மூட்டைச் சார்ந்தவை. முகவாதம் பெரும்பாலும் முகநரம்பைச் சார்ந்தது. பக்கவாதம் மூளையைச் சார்ந்தது. மூளையின் ஒரு நாளம் அடைபட்டாலோ வெடித்தாலோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் செயலறுகின்றன.

பெயர் ஒன்றாதலின் மருத்துவமும் ஒன்றென மக்கள் கருதுகின்றனர். மூட்டு வாதத்திற்கு எண்ணெய் தேய்த்துப் பொறுத்திருத்தல் இயலும். அதே பொறுமையைப் பக்கவாதத்திற்குக் காட்டினால் மூளை இறக்கும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி நோய் தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் இடப்படவேண்டும். அதற்கு முன்பாக அடைப்பா, குருதிக் கசிவா என்பதைப் படமெடுத்துத் தெளிதலும் வேண்டும். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் அதனை 'வாதம்' எனும் பொதுப்பெயரால் அழைத்து வீட்டில் வைத்திருத்தல் தகாது. இலங்கைத் தமிழர் வழங்கும் பாரிசவாதம் என்பதிலும் இதே இடர் உண்டு.

4. நீரிழிவும் நீர்க்கடுப்பும்

நீரிழிவு என்பது நீர் மிகுதியாக இழிதலைச் சுட்டும் காரணப்பெயர். இப்பெயர் நோயின் எந்நிலையைக் காட்டுகிறது எனக் காண்போம். வெறும் வயிற்றிற் குருதிச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக உறுதிப்பட்டால் நீரிழிவு எனக் கொள்வர். ஆயினும் குருதியில் அது ஏறத்தாழ 180ஐக் கடந்த பின்னரே சிறுநீரகத்தினின்று சிறுநீரிற் கசியத் தொடங்குகிறது. கசியும் சர்க்கரை நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அப்பொழுதே நீர் மிகுதியாக இழியும். ஆகவே 126க்கும் 180க்கும் இடைப்பட்ட நிலையில் நோய் உண்டு. பெயர் சுட்டும் குறி இல்லை. 'எனக்கு நீர் மிகுதியாகப் போகவில்லை, ஆதலின் நோயில்லை' என்னும் கூற்று சொல்லுக்குப் பொருந்தும், உடம்பிற்குப் பொருந்தாது. இரவுப் பணியும் காலம் தவறிய உணவும் உடையார் குறியை நோக்கிக் காத்திராமற் குருதியைச் சோதித்தல் நன்று.

நீர்க்கடுப்பு என்பதும் குறியின் பெயரே. அதன்பின் கிருமித் தொற்று இருக்கலாம், கல்லடைப்பு இருக்கலாம், நீர் குறைந்து செறிந்த சிறுநீராகவும் இருக்கலாம். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவினையே வெளியேற்றுகின்றன. பாய்லர் அருகிலும் திறந்த சுரங்கத்திலும் வியர்வையால் நீரிழப்பவர் அதனை ஈடுசெய்யாவிடின், எஞ்சிய சிறு நீரில் உப்புகள் செறிந்து கல்லாகும். 'சூடு பிடித்துக்கொண்டது' என்னும் மக்கள் கூற்றில் வெப்பமும் நீரிழப்பும் காரணம் என்ற உண்மை பொதிந்துளது. ஆனால் காய்ச்சலும் குளிரும் உடன்வந்தாற் கிருமித் தொற்றென ஐயுற்று மருத்துவரை நாடுதல் வேண்டும். இளநீரோடு நின்றுவிடல் ஆகாது.

5. செவிப்புலன்: உயிர் கேட்கும், மெய் கேளாது

85 டெசிபல் அளவிற்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டுமணி நேரம் பல ஆண்டு பணியாற்றுவோரின் உட்செவியிலுள்ள மயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் கெடுவது நொடிக்கு 4000 அதிர்வு அளவிலான உயர்ந்த ஒலிகளை ஏற்கும் பகுதி. இங்கு நம் எழுத்திலக்கணத்திற்கு ஓர் அரிய சான்று கிடைக்கிறது. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் நிற்பது; வல்லின மெய்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ உயர்ந்த அதிர்வுகளில் நிற்பவை. ஆதலின் இந்நோயுற்றார்க்கு உயிர் கேட்கும், மெய் மயங்கும். கடை, சடை, தடை, படை என்னும் நான்கும் அவர் செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். 'பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை' என்று அவர் கூறுவது இதனாலேயே.

'செவிடு' என்னும் நம் சொல் முழுமையான கேளாமையையே உணர்த்துகிறது. இழிவுக் குறிப்பும் ஏறிவிட்டது. அதனால் தொடக்க நிலையில் உள்ளவர் தம்மை அவ்வாறு கூற உடன்படார். வீட்டாரோ 'கவனமில்லை' என்று கடிந்துகொள்வர். 'காது மந்தம்' என்னும் வழக்கு இதனினும் நன்று. செவியடைப்பான் அணிந்து காக்கவேண்டிய காலம், பெயரை ஏற்க மறுக்கும் காலமாகவே கழிந்துவிடுகிறது.

தடையும் விடையும்

மேற்கூறியவற்றால் மக்கள் சொற்களைக் கைவிட்டு ஏட்டுச் சொற்களையே நிலைநாட்ட வேண்டும் என முடிவு கட்டலாமோ எனின், அற்றன்று. ஏட்டுச் சொல் விளங்காதவிடத்து அதுவும் ஒரு தடையே. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்றும், உடல்நலம் பேணும் துறையை உற்பாலனம் என்றும் வழங்கினார். தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலும் என மெய்ப்பித்த அவர் பணி போற்றற்குரியது. ஆயினும் அச்சொற்களுள் பல இன்று கற்றார்க்கும் விளங்குவதில்லை. மக்கள் நாவோடு உறவற்ற சொல் நூலோடு நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

மக்கள் சொல் நோயாளியின் மெய்யான வாக்குமூலம். இளைப்பு, கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், கரிப்பு என வலியின் வகைகளை நுணுக்கமாகப் பிரித்துரைக்கும் வளம் அதனிடம் உண்டு. குறை அச்சொல்லிடத்து இல்லை. குறியின் பெயரையே நோயின் பெயராகக் கொண்டு வினவலை நிறுத்திவிடுவதில்தான் குறை உளது. எனவே மக்கள் சொல்லைத் தொடக்கமாகவும், உறுப்பின் பெயரை முடிவாகவும் கொண்டு, இடையே வினாக்களை நிரலாக அமைத்தல் வேண்டும். 'வாய்வு' என்றால் வியர்வை உண்டா, கைக்குப் பரவுகிறதா என்பது வினா; 'வாதம்' என்றால் திடீரென வந்ததா, மூட்டிலா, பாதியுடலிலா என்பது வினா.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இரைப்பு, இளைப்பு போன்ற சில சொற்கள் மருத்துவத்திற்குத் தேவையான வேறுபாட்டைத் தம்மகத்தே கொண்டிருந்தும், வழக்கில் அதனை இழந்து வருகின்றன. அவற்றைப் பொருளறிந்து மீட்டல் வேண்டும். நீரிழிவு, என்புருக்கி போன்றவை நோயின் முற்றிய நிலையையே சுட்டுவன. அவற்றின் பொருளை விரித்து விளக்குதல் வேண்டும். வாய்வு, வாதம், கொதிப்பு போன்றவை நோயாளியைப் பிறிதோர் உறுப்பிற்கோ, பிறிதொரு காரணத்திற்கோ திசைமாற்றி விடுவன. அவற்றின் இடரை எடுத்துரைத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் முதுகலை மாணவர் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டுங்கால் உழவு, மீன்பிடி, நெசவு ஆகிய தொழிற்சொற்களோடு நோய்ச்சொற்களையும் திரட்டலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வூரில், எவ்வயதினர், உடம்பின் எப்பகுதியைத் தொட்டுக் காட்டிக் கூறினர் என்பதைக் குறித்தல் இன்றியமையாதது. சொல்லின் பொருளை அகராதி கூறுவதினும் கை தெளிவாகக் கூறும். நெய்வேலி போன்ற தொழில் நகரங்களின் மருத்துவமனைகளில் வைக்கத்தக்க ஒரு சொல்லடைவு அத்திரட்டினின்று உருவாகும். ஒரு பக்கம் மக்கள் சொல், மறுபக்கம் உறுப்பின் பெயர், நடுவே கேட்கவேண்டிய வினா என மூன்று நிரல்களாக அமையும் அச்சிறு நூலை மருத்துவரும் தமிழறிஞரும் ஒருங்கிருந்து செய்தல் வேண்டும். 'மூச்சு வாங்குகிறது' என்று வரும் தொழிலாளியின் நுரையீரலில் வடு மிகுமுன், அவன் சொல்லின் பொருள் கேட்போர்க்கு விளங்குமாயின், அதுவே அந்நூலின் பயனாகும்.